நிலக்கரியும் நிறைகோலும் – 5: வரிக்கு ஏற்ப வளர்ந்த அளவை

சென்ற இதழில், இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் டைன் நதியின் இரு மருங்கிலும் வெட்டப்பட்ட சுரங்கங்களிலிருந்து நிலக்கரி எவ்வாறு நதிக்கரைக்கு வந்தது, அங்கிருந்து கப்பலேறி லண்டன் மாநகரத்தின் அடுப்புகளை எவ்வாறு அடைந்தது என்பவற்றைப் பார்த்தோம். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த அந்தப் பெரும் வியாபாரம் எந்த அளவையைக் கொண்டு நடைபெற்றது என்று கேட்போருக்கு, சால்டிரன் என்று ஒரே வார்த்தையில் விடை கூறிவிடலாம். ஆனால் ஒரு சால்டிரன் என்பது எவ்வளவு என்று அவர்கள் மேலும் கேட்பார்களாயின், எந்த ஆண்டில், எந்தத் துறைமுகத்தில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். ஏனெனில் நியூகாஸில் துறையில் ஏற்றப்பட்ட சால்டிரன் வேறு, லண்டனில் இறக்கப்பட்ட சால்டிரன் வேறு. நியூகாஸில் சால்டிரனோ, பாட்டன் காலத்தில் இருந்தபடி பேரன் காலத்தில் இருந்ததில்லை. அது ஏன் அவ்வாறு வளர்ந்தது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

டைன் நதி அக்காலத்தில் ஆழம் குறைந்தது. மணல் திட்டுகள் மிகுந்தது. பெரிய கப்பல்கள் முகத்துவாரத்தின் அருகிலேயே நங்கூரமிட்டு நின்றுவிடும். ஆகவே மேல்பகுதித் துறைகளில் கொட்டப்படும் நிலக்கரியை, கீல் என்று பெயர்பெற்ற அகன்ற, தட்டையான அடிப்பாகமுடைய ஓடங்களில் ஏற்றிக்கொண்டு, வற்றத்தோடு நதியில் இறங்கிச் சென்று, கப்பலின் பக்கவாட்டில் நிறுத்தி, மண்வாரியால் வாரி வாரி உள்ளே எறிவார்கள். ஒரு தலைவன், இரண்டு ஆட்கள், ஒரு சிறுவன், இவ்வளவுதான் ஓர் ஓடத்தின் பரிவாரம். மன்னருக்குச் சேரவேண்டிய சுங்கமோ சால்டிரன் ஒன்றுக்கு இரண்டு பென்ஸ் என்று ஏற்பட்டிருந்தது. அதை வசூலிப்பவர்கள் ஒவ்வொரு சால்டிரனையும் தனித்தனியே அளந்துகொண்டிராமல், ஒரு கீலுக்கு இருபது சால்டிரன் என்று ஓடங்களை எண்ணிக் கணக்கிட்டு வந்தார்கள்.

எண்ணுவது ஓடத்தை என்று தெரிந்தபின் ஓடத்தைப் பெரிதாகக் கட்டுவதுதானே வியாபாரியின் புத்தி! இருபத்திரண்டு, இருபத்துமூன்று சால்டிரன் கொள்ளும் கீல்களைக் கட்டி, இருபதுக்கு மாத்திரம் சுங்கம் செலுத்தி, எஞ்சியதை ஆதாயமாகக் கொண்டார்கள். இந்த மோசடியைத் தடுப்பதற்காகவே, ஐந்தாம் ஹென்றியின் ஆட்சியில், 1421-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, கீல்கள் அனைத்தும் அரசாங்கத்தின் அதிகாரிகளால் அளக்கப்பட்டு, இருபது சால்டிரன் கொள்ளுமாறு அடையாளமிடப்பட வேண்டும் என்று விதித்தது.

ஓடம் இவ்வாறு கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. ஆனால் அந்தச் சட்டம் ஒரு கதவை அடைத்துவிட்டு, அதனினும் அகலமான மற்றொரு கதவைத் திறந்தே வைத்துவிட்டது. இருபது சால்டிரன் என்றார்களே தவிர, ஒரு சால்டிரன் எவ்வளவு என்பதை எவரும் எடையிட்டு நிர்ணயம் செய்யவில்லை. ஆகவே ஓடத்தை வளர்க்க முடியாதவர்கள் சால்டிரனையே வளர்க்கலானார்கள். விற்பவருக்கும் இதில் லாபம், வாங்குபவருக்கும் லாபம். பெரிய சால்டிரனைக் கொடுக்கும் வியாபாரியை நாடிக் கப்பல் தலைவர்கள் வருவார்கள். சுங்கமோ சால்டிரனின் எண்ணிக்கைக்கே உரியதாகையால், அளவு பெருகப் பெருக ஒவ்வொரு டன்னின் மீதும் விழும் வரி குறைந்துகொண்டே போகும். இருவரும் சேர்ந்து ஆதாயம் பெற, மூன்றாமவராகிய மன்னர் ஒருவரே நஷ்டமடைந்தார்.

இந்த வளர்ச்சியின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1421-இல் ஒரு நியூகாஸில் சால்டிரனின் எடை சுமார் 2,000 ராத்தல். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அது 53 அந்தராகிவிட்டது. ஓர் அந்தர் 112 ராத்தலாதலால், இது 5,936 ராத்தல் ஆகிறது. ஏறத்தாழ மும்மடங்கு! ஆனால் கீலைப் பாருங்கள். பழைய கணக்கில் இருபது சால்டிரன் ஏற்றியபோது அதன் பாரம் 40,000 ராத்தல். புதிய கணக்கில் எட்டே சால்டிரன் ஏற்றியபோது 47,488 ராத்தல், அதாவது 21 டன்னும் 4 அந்தரும். இரண்டரை நூற்றாண்டுக் காலத்திற்கு மேலாகியும் ஓடத்தின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்குகூட அதிகரிக்கவில்லை. அதே நதி, ஏறக்குறைய அதே ஓடம், அதே மண்வாரி. அவ்வோடத்திலுள்ள சரக்கை இருபது பாகமாக எண்ணி வந்தவர்கள் அதை எட்டுப் பாகமாக எண்ணலானார்கள் என்பதுதான் வித்தியாசம். பழைய இரண்டு பென்ஸ் விகிதத்திலேயே கணக்கிட்டாலும், ஒரு கீலுக்கு நாற்பது பென்ஸ் வரவேண்டிய இடத்தில் பதினாறு பென்ஸே வரும்.

அரசாங்கம் இதை அறியாமலில்லை. எலிசபெத் ராணியின் காலத்தில், நெடுநாளாகச் செலுத்தப்படாமல் நின்றுபோயிருந்த அந்த இரண்டு பென்ஸ் சுங்கத்தின் பாக்கி முழுவதையும் கேட்டபோது, நியூகாஸில் வியாபாரிகள் அவ்வளவு பெருந்தொகையைத் தங்களால் கொடுக்க இயலாதென்று மன்றாடினார்கள். முடிவில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. ஹோஸ்ட்மென் என்று வழங்கப்பட்ட நிலக்கரி வியாபாரிகளின் சங்கத்திற்கு 1600-ஆம் ஆண்டில் ராணி ஒரு சாசனம் அளித்து, டைன் நதியின் நிலக்கரி வியாபாரத்தை அவர்கள் வசமே ஒப்படைத்தாள். அவர்களோ பழைய பாக்கிக்குப் பதிலாக, சால்டிரன் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் வீதம் இனி ராஜாங்கத்திற்குச் செலுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். இந்த ஷில்லிங்கின் பிற்காலச் சரித்திரமும் விநோதமானதே. இரண்டாம் சார்லஸ் மன்னர் அதைத் தம் புதல்வருள் ஒருவரான ரிச்மண்டு பிரபுவுக்கு மானியமாக அளித்துவிட்டார். அது முதல் 'ரிச்மண்டு ஷில்லிங்' என்று பெயர் பெற்ற அவ்வரியை, 1799-ஆம் ஆண்டில் அரசாங்கம் அப்பிரபுவின் வம்சத்தாரிடமிருந்து, வருஷந்தோறும் 19,000 பவுன் கொடுப்பதாக உடன்பட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இரண்டு பென்ஸுக்கே வளர்ந்த சால்டிரன், ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்ஸ், வரியென்று ஆனபின் சும்மா இருக்குமா? மேலும் வளர்ந்தது. ஆகவே பார்லிமெண்டு 1678-இலும், மறுபடியும் 1694-95-இலும் சட்டங்கள் இயற்ற நேர்ந்தது. முதற் சட்டத்தின்படி ஏறத்தாழ 52½ அந்தர் என்றும், இரண்டாவதன்படி 53 அந்தர் என்றும் சால்டிரனின் எடை நிர்ணயமாயிற்று. பழைய சிறிய அளவுக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோக எவரும் துணியவில்லை. வளர்ந்தது வளர்ந்ததாகவே இருக்கட்டும், இனிமேல் வளராதிருந்தால் போதும் என்று சட்டமே அந்த வளர்ச்சிக்கு முத்திரை வைத்துவிட்டது.

ஓடங்களை அளந்த முறை நேர்த்தியானது. வெற்று ஓடத்தை நீரில் மிதக்கவிட்டு, முன்னரே நிறுத்து வைத்திருக்கும் ஈயக் கட்டிகளையோ இரும்புக் கட்டிகளையோ, சால்டிரனுக்கு 53 அந்தர் வீதம் அதில் ஏற்றுவார்கள். உரிய பாரம் முழுவதும் ஏறி, ஓடம் அமிழ்ந்து நிலைபெற்றவுடன், நீர்மட்டம் தொடும் இடத்தைக் கண்டு, முன்முனையிலும் பின்முனையிலும் நடுப்பாகத்திலும் இருபக்கமும் ஆணி அறைந்து அடையாளம் செய்துவிடுவார்கள். அதற்குப் பின் அவ்வோடத்தில் எவர் நிலக்கரி ஏற்றினாலும், ஆணி நீரைத் தொடும்போது எட்டு சால்டிரன் ஏறிவிட்டதென்று பொருள். நீரையே தராசாகக் கொண்ட இந்த ஏற்பாட்டினால், முகத்தலளவையாகப் பிறந்த சால்டிரன் நியூகாஸிலில், பெயர் மாறாமலே, நிறுத்தலளவையாக மாறிவிட்டது. வடக்கே இப்படி நிறையாகிவிட்ட அளவை, தெற்கே லண்டனில் என்றும்போல் கொள்ளளவாகவே நீடித்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சூழ்ச்சிகள் யாவும் இந்த ஒரு வேற்றுமையினின்றே முளைத்தவை.

லண்டன் சால்டிரன் என்பது முப்பத்தாறு புஷல். புஷல் என்பது வட்டமான ஒரு மரப்பாத்திரம். நம் நாட்டில் நெல்லை மரக்காலால் அளக்கும்போது தலைதட்டி அளப்பதுண்டு, கும்பமாகக் குவித்து அளப்பதுமுண்டு. லண்டனில் நிலக்கரியைக் குவித்தே அளந்தார்கள். குவித்து அளக்கும் இடத்தில் பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு மேலே நிற்கும் குவியலும் பெருகும். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு புஷல்களில், ஒன்று வாயகன்று உயரம் குறைந்ததாகவும், மற்றொன்று வாய்குறுகி உயர்ந்ததாகவும் இருப்பின், முன்னதில் அளந்து வாங்குபவன் பின்னதில் வாங்குபவனைவிட அதிக நிலக்கரி பெற்றுவிடுவான். ஆதலால் கொள்ளளவை மாத்திரம் சொன்னால் போதாதென்று கண்ட பார்லிமெண்டு, ஆன் ராணியின் காலத்தில், 1713-இல், நிலக்கரிப் புஷல் வட்டமாகவும், வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 19½ அங்குலம் குறுக்களவுடையதாகவும், ஒரு வின்செஸ்டர் புஷலும் அதற்குமேல் ஒரு குவார்ட்டும் தண்ணீர் கொள்ளத்தக்கதாகவும் இருக்க வேண்டுமென்று விதித்தது. குவியல் கூம்பு வடிவில் குறைந்தது ஆறு அங்குல உயரம் இருத்தல் வேண்டும் என்பதை 1824-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் வைத்தது. பாத்திரத்தினுள் நிற்பது சுமார் 2,218 கன அங்குலம். அதன் தலைமேல் நிற்கும் கூம்போ ஏறத்தாழ 597 கன அங்குலம். ஆகவே வாங்குபவன் பெறவேண்டிய நிலக்கரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமானது, எந்தச் சுவரும் தாங்காமல், அளப்பவனுடைய கையின் தாராளத்தை மட்டும் நம்பி வெளியே நின்றது!

தேம்ஸ் நதியில் கப்பல் வந்து நின்றவுடன், லண்டன் நகரசபையின் அதிகாரத்தின்கீழ் பிரமாணம் செய்து நியமிக்கப்பட்ட அளவுகாரர் அதில் ஏறுவார். கூலியாட்கள் கப்பலின் அடித்தட்டிலிருந்து கூடை கூடையாக நிலக்கரியை மேலே இழுத்து, வாட் என்னும் ஒன்பது புஷல் தொட்டியில் கொட்டுவார்கள். நான்கு தொட்டி ஒரு சால்டிரன். வீடுகளுக்குச் செல்லும்போது மூன்று புஷல் ஒரு சாக்கு, பன்னிரண்டு சாக்கு ஒரு சால்டிரன். மொத்தமாக வாங்குபவர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. இருபது சால்டிரனுக்கு விலை கொடுத்தால் இருபத்தொன்று கொடுக்க வேண்டும். ஐந்து சால்டிரன் வாங்குபவனுக்கு அறுபது சாக்குக்குப் பதிலாக அறுபத்துமூன்று சாக்கு வரும். ஆதியில் தயவாகத் தொடங்கிப் பின்னர் வழக்கமாகி, முடிவில் உரிமையாகிவிட்ட இந்த மிகையை இன்கிரெயின் என்று வழங்கினார்கள். இவ்வளவையும் கணக்கில் சேர்த்துப் பலமுறை பரீட்சித்துப் பார்த்தவர்கள், எட்டு நியூகாஸில் சால்டிரன் பதினைந்து லண்டன் சால்டிரனுக்குச் சமம் என்று கண்டார்கள். அதாவது டைன் நதியின் ஒரு கீல் நிலக்கரி, தேம்ஸ் நதியில் பதினைந்து சால்டிரனாக எண்ணப்பட்டது.

லண்டனிலும் சால்டிரனின் மீதே வரி விழுந்தது. 1666-இல் அந்நகரம் தீக்கிரையானபோது, அதை மீண்டும் கட்டுவதற்கான பணத்தை நிலக்கரியிலிருந்தே பெறுவதென்று பார்லிமெண்டு தீர்மானித்தது. 1667-இல் சால்டிரனுக்கு ஒரு ஷில்லிங் என்று தொடங்கிய அவ்வரி, 1670-இல் மூன்று ஷில்லிங்காக உயர்ந்தது. கிறிஸ்டோபர் ரென் என்னும் சிற்ப மேதை நிர்மாணித்த செயின்ட் பால் தேவாலயத்தின் வானளாவிய கோபுரமும், அந்நகரின் எத்தனையோ சிறு தேவாலயங்களும், இந்த வரியினால் எழுந்தவையே. 1711-இல் ஐம்பது புதிய தேவாலயங்கள் கட்டவேண்டுமென்று சட்டம் இயற்றியபோதும் நிலக்கரியின் மீதே கைவைத்தார்கள். ஐம்பதில் ஏறத்தாழ ஒரு டஜனே கட்டப்பட்டன என்றாலும், குளிருக்கு அஞ்சி அடுப்பு மூட்டிய ஏழை எளியவர் அனைவரும் அவற்றுக்குக் காணிக்கை செலுத்தியவர்களே ஆவர்.

இனி, நிலக்கரியைக் கொள்ளளவால் விற்பதில் உள்ள பெருங்குறையைப் பார்ப்போம். அதைத் தெளிவாக எடுத்துரைத்தவர் சார்லஸ் ஹட்டன் என்னும் கணித சாஸ்திரி. நியூகாஸிலில் 1737-ஆம் ஆண்டில் நிலக்கரித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, இளமையில் தாமும் சுரங்கத்தில் கரி வெட்டி, பின்னர் கல்வியின் பலத்தால் உல்விச் ராணுவக் கலாசாலையில் கணிதப் பேராசிரியராக உயர்ந்தவர் அவர். பிளவுபடாத ஒரே பெரும்பாளமான நிலக்கரி ஐந்து பங்கு இடத்தை அடைப்பதாகக் கொண்டால், அதை நடுத்தரமான துண்டுகளாக உடைத்துப் போடும்போது ஏழரைப் பங்கு இடத்தையும், மிகச் சிறியதாக நொறுக்கும்போது ஒன்பது பங்கு இடத்தையும் அது அடைக்கும் என்று அவர் எடுத்துக்காட்டினார். பாளத்தில் ஒரு ராத்தல்கூடக் கூடவில்லை. ஆனால் துண்டுகளுக்கு இடையில் புகுந்த காற்றும் நிலக்கரியின் விலைக்கே விற்பனையாகிவிட்டது. ஆகவே எடையிட்டு விற்பதே அறிவுக்குப் பொருந்திய முறை என்பது அவருடைய தீர்ப்பு.

கணித சாஸ்திரி கண்டு சொன்னதை வியாபாரிகள் கணிதம் படிக்காமலே அறிந்திருந்தார்கள். நியூகாஸிலில் நிறையாக வாங்கி லண்டனில் கொள்ளளவாக விற்பவனுக்கு, பெரும்பாளமாக வாங்கி, வழியிலே உடைத்து, சிறு துண்டாக விற்பதே லாபம். ஆதலால் கப்பலேற்றும் துறையில் பெருங்கரிக்கே மதிப்பு, பொடிக்கரியைக் கேட்பாரில்லை. எந்தக் கரியானாலும் சால்டிரனுக்கு ஒரே வரி என்று இருந்தபடியால், மலிவான பொடிக்கரி அந்த வரிச்சுமையைத் தாங்கவும் இயலவில்லை. ஆகவே சுரங்கவாயிலில் நிலக்கரியைச் சல்லடையில் சலித்து, பெரியதைத் துறைக்கு அனுப்பிவிட்டு, சிறியதை மலைபோல் குவித்து அங்கேயே எரித்துவிடுவார்கள். இப்படி இரவும் பகலும் சுரங்கவாயிலில் வீணே எரிந்த நிலக்கரிக்கு அளவேயில்லை. அங்கே சலித்து எரிக்கப்பட்டதும், லண்டனில் பெருங்கரியிலிருந்து வேண்டுமென்றே உடைத்து உண்டாக்கப்பட்டதும் ஒரே பொடிக்கரிதான் என்பதை எண்ணும்போது, பிழையான ஓர் அளவை ஒரு தேசத்தின் செல்வத்தை எவ்வளவு தூரம் வீணாக்கக்கூடும் என்பது புலனாகும்.

அளவையின் கோளாறு அரசாங்கத்தையும் நுகர்வோரையும் மாத்திரம் வருத்தவில்லை. அதன் முழுப் பாரமும் உழைப்பவனுடைய முதுகின்மீதே இறங்கிற்று. கீல் ஓடக்காரர்களுக்கு எட்டு சால்டிரனுக்குத்தான் கூலி. ஆனால் ஆணிக்குமேல் நீர் ஏறும்வரை கரியைக் கொட்டி, அந்த மிகை அனைத்தையும் கூலியின்றியே அவர்களைக் கொண்டு கப்பலுக்குள் எறியச் செய்வார்கள். சட்டம் அடித்த ஆணி மன்னருடைய வரிக்காக அடிக்கப்பட்டதேயன்றி, ஓடக்காரனுடைய கைவலிக்காக அடிக்கப்பட்டதன்று. 1750-இல் அவர்கள் செய்த பெரிய வேலைநிறுத்தத்தின் குறைகளுள் இந்த மிகையளவும் ஒன்று. தங்கள் சொற்பக் கூலியிலிருந்தே பணம் திரட்டி, மூப்படைந்தவர்களுக்கும் நோயாளிகளுக்குமாக 1701-ஆம் ஆண்டில் நியூகாஸில் நகரில் ஓர் இல்லம் கட்டிக்கொண்ட மானமுள்ள கூட்டம் அது. அவ்வில்லத்தின் கட்டடம் பிற்காலத்தவரும் காணுமாறு நிலைத்து நின்றது.

சுரங்கத்தின் உள்ளேயும் இதே கதைதான். அங்கே சால்டிரன் என்ற பேச்சில்லை. கார்ஃப் என்னும் பிரம்புக் கூடையே அளவை. வெட்டுபவனுக்கு ஸ்கோர் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் சில இடங்களில் இருபது கூடை ஒரு ஸ்கோர். வேறு இடங்களில் இருபத்தொன்று ஒரு ஸ்கோர். பாதாளத்தில் நிறைந்து புறப்பட்ட கூடை, வழியெல்லாம் குலுங்கி, மேலே வரும்போது குறைந்து காணப்பட்டால், அல்லது அதில் கல் கலந்திருப்பதாக மேற்பார்வையாளன் கூறினால், அந்தக் கூடைக்குக் கூலியில்லை. கரி மாத்திரம் முதலாளிக்கு. கீழே இருட்டில் முழந்தாளிட்டு வெட்டியவன், மேலே வெளிச்சத்தில் நடைபெறும் இந்த விசாரணையில் ஒரு கட்சிக்காரனாகக்கூட இருப்பதில்லை.

முடிவு 1831-இல் வந்தது. கரையோரமாகக் கடல்வழிச் செல்லும் நிலக்கரியின் மீது விதிக்கப்பட்டிருந்த அரசாங்க வரிகள் அவ்வாண்டில் எடுபட்டன. ரிச்மண்டு ஷில்லிங்கும் அவற்றோடு மறைந்தது. லண்டனில் நிலக்கரியை இனி எடையிட்டே விற்க வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டில் பிறந்தது. ஓர் அந்தர் அல்லது இரண்டு அந்தர் கொள்ளும் சாக்குகளிலேயே கரியைக் கொண்டுசெல்ல வேண்டும். வண்டிக்காரன் ஒரு நிறைகோலையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். வாங்குபவன் கேட்டால் எந்தச் சாக்கையும் அவன் கண்முன்னே நிறுத்துக் காட்ட வேண்டும் என்பன அதன் விதிகள். நகரசபையின் வரி சால்டிரனை விட்டு டன்னின் மீது ஏறி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் இதே முறையை நாடெங்கும் விரிவுபடுத்தி, குவித்து அளக்கும் பழக்கத்தையே ஒழித்துவிட்டது. சால்டிரன் என்ற பெயர், சுரங்கங்களின் இருப்புப் பாதைகளில் 53 அந்தர் கொள்ளுமாறு அமைந்த மரவண்டிகளை மட்டும் பற்றிக்கொண்டு வெகுகாலம் பிழைத்திருந்தது.

இந்த நானூறு வருஷ வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. சால்டிரனைப் பெரிதாக்கியவர்களும், கரியை நொறுக்கியவர்களும், கூடையைத் தள்ளியவர்களும் அளவையறியாத மூடர்களல்லர். அளவையை மிகத் துல்லியமாக அறிந்தவர்களே. பொருளின்மீது விழவேண்டிய வரியைப் பெயரின்மீது விதித்தால் பெயர் பெருத்துக்கொண்டே போகும். ஆதாயம் பெறுகிறவன் ஒருவனே அளக்கும் இடத்தில், எத்தனை சட்டம் இயற்றினாலும் அளவு நேராக நில்லாது. நிறைகோல் வந்தபின்னும் அதன் முள்ளைப் பார்ப்பவன் யார் என்ற கேள்வி எஞ்சியே இருந்தது. தங்கள் சார்பில் ஒருவரைத் தாங்களே தேர்ந்து நிறைகோலின் அருகில் நிறுத்திக்கொள்ளும் உரிமையைச் சுரங்கத் தொழிலாளர் 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பெற்றார்கள். அந்த உரிமை ஏட்டில் எழுதப்பட்டதற்கும் நடைமுறையில் வந்ததற்கும் இடையே நடந்த போராட்டத்தை அடுத்த இதழில் காண்போம்.